லோமசென்கோவின் வலது கால்

குத்துச்சண்டை பார்க்கும்போது நம் கண் தன்னால் கையுறைகளுக்குப் போய்விடும். வசில் லோமசென்கோவை அப்படிப் பார்த்தால் பாதி நயம் தப்பிவிடும். முதல் இரண்டு ரவுண்டுக்காவது பார்வையைக் கீழே இறக்கி அவருடைய வலது பாதத்தை மட்டும் கவனிக்க வேண்டும். அது எதிராளியின் இடது பாதத்துக்கு வெளிப்பக்கம், ஒரு சாண் தள்ளி, சந்தடியில்லாமல் போய் அமரும். எதிராளிக்கு அது தெரியாது. அவர் கண்ணும் கையுறையில்தான் இருக்கிறது. பிறகு அந்தப் பாதத்தின் முன்பகுதியை அச்சாக வைத்து உடம்பு சுழலும். இடது கால் வளைந்து வந்து சேர்வதற்குள் லோமசென்கோ எதிராளியின் தோளுக்குப் பக்கத்தில் நிற்பார். எதிராளி காத்துக்கொண்டிருப்பதோ அவர் சற்றுமுன் நின்ற காலி இடத்தை.

இதில் மாயம் ஒன்றுமில்லை, கணக்குதான். லோமசென்கோ இடதுகைக்காரர், குத்துச்சண்டைக்காரர்கள் சொல்கிற சவுத்பா. வலது கையும் வலது காலும் முன்னால், பலமான இடது கை பின்னால். வலதுகைக்காரர் ஒருவர் எதிரே நின்றால் இருவருடைய முன்னங்கால்களும் ஒன்றோடொன்று இடிக்கிற மாதிரி இருக்கும். யார் கால் வெளியே போகிறதோ அவருடைய பின்கைக்கு நேர்வழி திறக்கும். எந்தப் பயிற்சிக்கூடத்திலும் தொடக்கத்திலேயே சொல்லிக்கொடுக்கிற பாடம் இது. மற்ற சவுத்பாக்கள் வழி திறந்ததும் இடது கையை நேராக ஒரு குத்து விட்டுவிட்டுப் பின்வாங்கிவிடுவார்கள். லோமசென்கோ அங்கேதான் ஆரம்பிக்கிறார். பக்கவாட்டில் போய் நின்ற பிறகு எதிராளியின் வலது கை உடம்புக்கு அந்தப் பக்கம் மாட்டிக்கொள்கிறது. அதை எடுத்து வீச வேண்டுமென்றால் முதலில் கால்களைத் திருப்ப வேண்டும். திருப்பி முடிப்பதற்குள் இரண்டு குத்து விழுந்திருக்கும், அடித்தவரும் இடம் மாறியிருப்பார்.

இந்தக் கால் எங்கிருந்து வந்தது என்பதற்கு ஒரு கதை உண்டு. லோமசென்கோ 1988இல் உக்ரைனின் ஒடேசா மாகாணத்தில் பில்ஹொரோத்-த்நிஸ்த்ரோவ்ஸ்கி என்ற பழைய கோட்டை நகரத்தில் பிறந்தவர். அப்பா அனடோலிதான் கடைசிவரை பயிற்சியாளர். மகன் சிறுவனாக இருந்தபோது அவர் குத்துச்சண்டையை நிறுத்திவிட்டு உக்ரைனிய நாட்டுப்புற நடன வகுப்புக்கு அனுப்பினார். ஏறக்குறைய நான்கு வருடம் ஆடிய பிறகுதான் கையுறை திரும்பக் கிடைத்தது. பின்னாளில் கட்டங்களில் சிதறிக் கிடக்கும் எண்களை வரிசையாகத் தேடித் தொடுவது, பந்துகளை மாற்றி மாற்றி எறிந்து பிடிப்பது, தண்ணீருக்கடியில் நான்கு நிமிடத்துக்கு மேல் மூச்சடக்குவது என்று அப்பாவின் பாடத்திட்டம் வளர்ந்தது. ஆனால் எல்லாவற்றுக்கும் அடியில் இருப்பது நடனம்தான்.

நடனம் என்றதும் நம்மூர் வாசகர்களுக்கு 'சார்பட்டா பரம்பரை'யின் டான்சிங் ரோஸ் ஞாபகம் வரும். வரட்டும், ரோஸ் அருமையான பாத்திரம். ஆனால் ரோஸின் ஆட்டம் எதிராளியைச் சீண்டுவதற்கும் கூட்டத்தை மகிழ்விப்பதற்கும் ஆனது. அவர் ஆடுகிறார் என்பது கடைசி வரிசையில் இருப்பவருக்கும் தெரியும். லோமசென்கோ ஆடுவது அவர் காலைப் பார்க்காதவர்களுக்குத் தெரியவே தெரியாது. துள்ளல் இல்லை, அலங்காரம் இல்லை, குதிகால் தரையிலிருந்து ஓர் அங்குலம் எழும்பினால் அதிகம். எனக்கு இந்த அடக்கம்தான் பிடித்திருக்கிறது.

அமெச்சூர் காலத்து எண்ணிக்கையை எல்லோரும் மனப்பாடமாகச் சொல்வார்கள்: 396 வெற்றி, 1 தோல்வி. அந்த எண்ணைப் பார்த்து வாய் பிளப்பதைவிட அந்தக் காலத்தில் புள்ளி எப்படிக் கொடுத்தார்கள் என்று பார்ப்பது மேல். ரிங்கைச் சுற்றி ஐந்து நடுவர்கள் பொத்தானில் விரல் வைத்து உட்கார்ந்திருப்பார்கள். ஒரு குத்து சுத்தமாக விழுந்தது என்று குறைந்தது மூன்று பேர் ஒரு நொடிக்குள் அழுத்தினால்தான் புள்ளி. குத்து எவ்வளவு பலம் என்பது பொருட்டில்லை. எதிராளியைத் தள்ளாட வைத்த குத்துக்கும் ஒன்று, தலைக்கவசத்தைத் தொட்டுவிட்டு வந்ததற்கும் ஒன்று. விலா, வயிறு என்று உடம்பில் விழுவது பெரும்பாலும் கணக்கிலேயே சேராது. இருவரும் கட்டிப்பிடித்துக்கொண்டால் ரெஃப்ரி உடனே பிரித்துவிடுவார். ஆக, ஐந்து பேர் கண்ணுக்கும் ஒரே நேரத்தில் தெரிகிற மாதிரி, சந்தேகத்துக்கு இடமில்லாமல், சுத்தமாகத் தொட வேண்டும். நானூறு சண்டைகள் இதையே செய்த உடம்பு எப்படி ஆகும் என்பதற்கு லோமசென்கோ சாட்சி.

அந்த ஒரே தோல்வி 2007இல் சிகாகோ உலகச் சாம்பியன் போட்டியின் இறுதியில், ரஷ்யாவுக்காக ஆடிய அல்பர்ட் செலிமோவிடம். மறு வருடம் பெய்ஜிங் ஒலிம்பிக்கில் ஃபெதர்வெயிட், அதாவது 57 கிலோ பிரிவில், குலுக்கல் முதல் சண்டையிலேயே அதே செலிமோவைக் கொண்டுவந்து எதிரே நிறுத்தியது. 14-7 என்று கணக்கைத் தீர்த்தார். அப்புறம் உஸ்பெகிஸ்தானின் சுல்தோனோவ் 13-1, சீனாவின் லி யாங் அவருடைய சொந்த மண்ணில் 12-3, துருக்கியின் கிலிச் 10-1. இறுதியில் பிரான்சின் கெதாஃபி ஜெல்கிர் முதல் ரவுண்டையே தாண்டவில்லை. 9-1 என்று இருந்தபோது ரெஃப்ரி நிறுத்திவிட்டார். ஐந்து சண்டைகளில் அடித்தது 58 புள்ளி, வாங்கியது 13. அந்தப் பதின்மூன்றில் ஏழு செலிமோவுடையவை. ஒலிம்பிக் தரத்துக் குத்துச்சண்டைக்காரர்கள் மற்ற நால்வரும் சேர்ந்து அவர்மேல் வாங்கியது ஆறே புள்ளி. போட்டியின் சிறந்த வீரருக்கான வால் பார்க்கர் கோப்பையும் அவருக்கே. வயது இருபது.

பெய்ஜிங் பதிவுகளில் ரசிக்க வேண்டியது அவருடைய முன்கை, அந்த வலது கை. அது அடிப்பதற்கு முன்னால் நிறையப் பேசும். எதிராளியின் கையுறைமேல் பட்டும் படாமலும் ஒரு தட்டு, நெற்றிக்கு நேராக ஒரு பாவ்லா, இன்னொரு தட்டு. தேங்காய் வாங்குகிறவர் விரலால் சுண்டிக் காதில் கேட்பதைப்போல அவர் எதிராளியின் கார்டைத் தட்டிக் கேட்டுக்கொண்டே இருக்கிறார். எந்தத் தட்டுக்குக் கை உயர்கிறது, எதற்குத் தலை சாய்கிறது, எதற்குக் கண் சிமிட்டுகிறது என்று முதல் ரவுண்டில் விசாரணை முடிந்துவிடும். அதன்பின் உயரும் கைக்குக் கீழே குத்து போகும், சாயும் தலைக்கு அது சாய்கிற இடத்தில் காத்திருக்கும். சில நேரம் அதே வலது கையால் எதிராளியின் முன்கையை மெதுவாகக் கீழே அழுத்திவிட்டு, அது மறுபடி எழுவதற்குள் அந்த இடைவெளியில் இடது கையைச் செருகுவார். அந்த அழுத்தலில் ஒரு மரியாதைகூடத் தெரியும். கதவைத் தாழ்ப்பாள் எடுத்துத் திறக்கிறவர் அவர், உடைக்கிறவர் இல்லை.

பிறகு 2009 மிலான், 2011 பாகு என்று இரண்டு உலகப் பட்டங்கள். இடையில் ஆண்களுக்கான 57 கிலோ பிரிவையே ஒலிம்பிக் குத்துச்சண்டையிலிருந்து எடுத்துவிட்டார்கள். அதனால் 60 கிலோவுக்கு ஏற வேண்டியிருந்தது. பாகுவில் பிரேசிலின் ராப்சன் கொன்சைசாவோடு நடந்த சண்டையில் முதலில் கொன்சைசா ஜெயித்ததாக அறிவித்து, முறையீட்டுக்குப் பிறகு முடிவை மாற்றினார்கள். அந்தக் கொன்சைசா ரியோவில் தங்கம் வாங்கினார் என்பதைச் சேர்த்துப் பார்த்தால் 396 என்ற எண்ணின் பளபளப்பில் ஒரு கீறல் இருப்பது தெரியும். அது இருப்பதும் நல்லதே. லண்டன் 2012இல் கியூபாவின் டொலேடோவை 14-11, இறுதியில் தென்கொரியாவின் ஹான் சூன்-சுலை 19-9. இரண்டாவது தங்கம்.

ஒலிம்பிக் முடித்துவிட்டுத் தொழில்முறைக்கு வருகிறவர்களுக்கு ஒரு வழக்கமான பாதை உண்டு. பலம் குறைந்தவர்கள் இருபது பேரை வரிசையாக எதிரே நிறுத்துவார்கள், அவர்களை வீழ்த்திப் பெயர் ஏறிய பிறகு பட்டத்துக்கான சண்டை. லோமசென்கோ முதல் சண்டையிலேயே உலகப் பட்டம் கேட்டார். அது நடக்கவில்லை. 2013 அக்டோபரில் லாஸ் வேகஸில் மெக்சிகோவின் ஹோசே ராமிரெஸை நான்காவது ரவுண்டில் உடம்பில் ஒரு குத்தால் உட்கார வைத்தார். அமெச்சூரில் புள்ளி கிடைக்காத அதே இடத்தில் அடித்துத் தொழிலைத் தொடங்கியிருக்கிறார் என்பதைக் கவனித்துக்கொள்ளுங்கள். (இதற்கு முன் வேர்ல்டு சீரிஸ் ஆஃப் பாக்ஸிங் என்ற தொடரில் கவசமில்லாமல், காசு வாங்கி ஆடிய ஆறு சண்டைகளைத் தொழில்முறைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்பவர்கள் உண்டு. அந்த வழக்கு நமக்கு வேண்டாம்.)

இரண்டாவது சண்டை டெக்சாஸின் சான் அன்டோனியோவில், 2014 மார்ச் 1. எதிரே ஒர்லாண்டோ சலிடோ. ஏற்கெனவே 12 தோல்வி பார்த்தவர், அடிபட்டு அடிபட்டுத் தொழில் கற்றவர். ஃபெதர்வெயிட்டின் எல்லை 126 பவுண்டு. முந்தின நாள் எடை பார்த்தபோது சலிடோ இரண்டு பவுண்டுக்கு மேல் கூடுதல். அதுவரை அவர் கையிலிருந்த உலகப் பட்டம் அங்கேயே பறிபோயிற்று. ஜெயித்தால் லோமசென்கோவுக்குப் பட்டம், சலிடோ ஜெயித்தால் யாருக்கும் இல்லை. சண்டை இரவில் சலிடோவின் எடை 147, லோமசென்கோ 136. பதினொரு பவுண்டு வித்தியாசம் என்பது இந்த அளவு உடம்புகளில் சின்ன விஷயமில்லை.

தோற்ற சண்டைதான், ஆனாலும் நயம் பாராட்டுகிறவர்கள் இதைத் தாண்டிப் போகக் கூடாது. மேலே சொன்ன கால் வேலைக்கு நடுவே சற்று வெற்றிடம் வேண்டும். சலிடோ அந்த வெற்றிடத்தைத் தரவே இல்லை. நெஞ்சோடு நெஞ்சு ஒட்டிக்கொண்டு விலா, இடுப்பு, இடுப்புக்குக் கீழே என்று அடித்துக்கொண்டே இருந்தார். கீழே விழுந்த குத்துகளுக்கு ரெஃப்ரி லாரன்ஸ் கோல் ஒரு புள்ளிகூடக் குறைக்கவில்லை. லோமசென்கோ தனக்குத் தெரிந்ததைச் செய்தார்: கட்டிப்பிடித்துவிட்டு, யாராவது வந்து பிரிப்பார்கள் என்று காத்திருந்தார். நானூறு சண்டையில் யாராவது வந்து பிரித்திருந்தார்கள். இங்கே யாரும் வரவில்லை. பிடித்திருக்கிற நேரமும் வேலை நேரம்தான் என்பது சலிடோவுக்குத் தெரியும், இவருக்குத் தெரியாது. பின் ரவுண்டுகளில்தான் முகம் தெளிகிறது. பன்னிரண்டாவது ரவுண்டில் லோமசென்கோ அவரை நிலைகுலைய வைத்தார். சலிடோ எதையாவது பற்றிக்கொண்டு மணி அடிக்கும்வரை நின்றுவிட்டார். ஒரு நடுவர் 115-113 லோமசென்கோவுக்கு, மற்ற இருவர் 116-112, 115-113 சலிடோவுக்கு. தீர்ப்பு தவறில்லை என்றுதான் நினைக்கிறேன். கடைசி ரவுண்டு இன்னும் ஒரு நிமிடம் நீண்டிருந்தால் கதை வேறு. ஆனால் முதல் ஆறு ரவுண்டுகளை அவர் பார்வையாளராகக் கழித்தார்.

மூன்றரை மாதம் கழித்து, ஜூன் 21, கலிபோர்னியாவின் கார்சன். அதே பட்டம் காலியாக இருந்தது. எதிரே கேரி ரசல் ஜூனியர், 24 சண்டை, 24 வெற்றி, அந்தக் காலத்தின் மிக வேகமான கைகளில் ஒன்று என்று பேர். ரசலும் பெய்ஜிங் போனவர்தான். ஆனால் எடை குறைக்கும் முயற்சியில் மயங்கி விழுந்து ஒரு சண்டைகூட ஆடாமல் திரும்பியவர். இந்தப் பன்னிரண்டு ரவுண்டுகளைத்தான் நான் லோமசென்கோவின் உச்சம் என்பேன். பின்னால் வந்த பெரிய இரவுகளைவிடவும்.

காரணம் சொல்கிறேன். ரசலும் சவுத்பா. இரண்டு இடதுகைக்காரர்கள் எதிரெதிரே நிற்கும்போது முன்னங்கால்கள் மோதுவதில்லை. நாம் இதுவரை பாராட்டிய அந்த வெளிக்கால் கணக்கு அப்படியே செல்லாது. கைவசம் இருந்த சிறந்த ஆயுதத்தின் பாதியை வீட்டில் வைத்துவிட்டு வந்த மாதிரி. போதாததற்கு ரசலின் கைகள் ஒரே மூச்சில் நாலைந்து குத்து விடக்கூடியவை. வேகத்தை வேகத்தால் சந்திப்பார் என்று எதிர்பார்த்தால் லோமசென்கோ தாளத்தைக் கலைத்தார். ரசலின் அடுக்குக் குத்து தொடங்கும்போது அரை அடி உள்ளே நகர்ந்து, முதல் இரண்டைக் கையுறையிலும் முழங்கையிலும் வாங்கிக்கொண்டார். நீளமாக வர வேண்டிய குத்துகள் பாதி வழியில் முட்டி நின்றன. வேகமான கைக்கும் திரும்பிப் போக நேரம் வேண்டும். அந்தத் திரும்பும் நேரத்தில் விலாவில் ஒன்று, அது இறங்கியதும் தலைக்கு ஒன்று. ரசல் கோபத்தோடு மறுபடி தொடங்குவார், மறுபடி அதே.

இன்னொன்றையும் பாருங்கள். சலிடோவிடம் கற்ற பாடம் இதில் பளிச்சென்று தெரிகிறது. நெருக்கத்தில் அவர் கட்டிப்பிடித்துக் காத்திருக்கவில்லை. தலையை எதிராளியின் தோளில் சாய்த்து, ஒரு கையால் அவர் முழங்கையைத் தூக்கிவிட்டு, மறு கையால் வேலை செய்கிறார். இடையில் பதினாறு வாரம்தான். நானூறு சண்டைகளில் பழகாத ஒன்றை இவ்வளவு சீக்கிரம் தன் கைவழக்கமாக்கிக்கொள்ள முடிகிறது என்றால், அந்த 396ஐவிட எனக்கு இதுதான் பெரிது. இரண்டு நடுவர்கள் 116-112 என்றார்கள், மூன்றாமவர் எப்படியோ 114-114 என்று எழுதினார். மூன்றாவது சண்டையிலேயே உலகப் பட்டம். 1975இல் தாய்லாந்தின் சேன்சாக் முவாங்சுரின் செய்த சாதனைக்குச் சமம்.

நவம்பரில் மக்காவ், தாய்லாந்தின் சொன்லாதார்ன் பிரியபின்யோவோடு. ஏழாவது ரவுண்டில் லோமசென்கோவின் இடது கையில் அடிபட்டது. சவுத்பாவுக்கு இடது கை போனால் மிச்சம் தற்காப்புதான் என்பார்கள். அவர் மிச்ச ரவுண்டுகளை ஏறக்குறைய வலது கையாலேயே நடத்தினார். ஜாபும் அதுவே, ஹூக்கும் அதுவே, கீழிருந்து எழும் அப்பர்கட்டும் அதுவே. ஒற்றைக் கைக்குப் பல வேடம் கட்டிவிடும் வேலையைக் கால்கள் பார்த்துக்கொண்டன. ஒவ்வொரு குத்தும் வேறொரு கோணத்திலிருந்து வந்ததால் எதிராளிக்கு அது ஒரே கை என்ற ஆறுதலே கிடைக்கவில்லை. மூன்று நடுவர்களும் 120-107 என்று எழுதினார்கள். ஒரு ரவுண்டுகூட விட்டுக்கொடுக்கவில்லை.

அடுத்த இரண்டு தற்காப்புகளும் சுலபமானவை. 2015 மே மாதம் கமாலியெர் ரொட்ரிகஸ் ஒன்பதாவது ரவுண்டில், நவம்பரில் ரோமுலோ கொவாசிச்சா பத்தாவதில். கொவாசிச்சாவை வீழ்த்தியதும் உடம்பில் விழுந்த இடது குத்துதான். அதோடு ஃபெதர்வெயிட்டில் அவருடைய கணக்கு முடிந்தது. தொழில்முறையில் அந்த எடையில் மொத்தமே ஆறு சண்டை.

மேலே ஏறிய பிறகு பேர் இன்னும் பெருகியது. வால்டர்ஸ், சோசா, மரியாகா, கடைசியில் அவரைப்போலவே இரண்டு ஒலிம்பிக் தங்கம் வைத்திருந்த ரிகோன்டியூ என்று வரிசையாக நால்வர் அடுத்த ரவுண்டுக்கு ஸ்டூலிலிருந்து எழவில்லை. 2018இல் ஹோர்ஹே லினாரெஸ் ஆறாவது ரவுண்டில் அவரைக் கீழே தள்ள, பத்தாவதில் ஈரலுக்கு நேராக ஓர் இடது குத்தில் சண்டையை முடித்து மூன்றாவது எடையிலும் பட்டம் எடுத்தார். இவற்றில் கண்ணுக்கு விருந்து நிறைய. கூடவே கொஞ்சம் காட்சிப்படுத்தலும் வந்து சேர்ந்தது. மரியாகாவோடு ஆடும்போது தோளைக் குலுக்கிக் கையைத் தொங்கவிடுகிற இடங்களில் எனக்கு அந்தப் பழைய அடக்கம் குறைவதாகத் தோன்றும். 2020இல் தியோஃபிமோ லோபஸிடம் தோற்றபோது முதல் பாதி முழுக்கக் கை அவிழவே இல்லை. 2022இல் போர் வந்ததும் ஊருக்குத் திரும்பிப் பிராந்தியப் பாதுகாப்புப் படையில் சேர்ந்தார், கையில் இருந்த பட்டச் சண்டை வாய்ப்பையும் விட்டார். 2024இல் பெர்த்தில் கம்போசோஸை வென்றது கடைசி. 2025 ஜூனில் ஓய்வு அறிவித்தபோது தொழில்முறைக் கணக்கு 18 வெற்றி, 3 தோல்வி.

ஓய்வுக்குப் பிறகு இணையத்தில் சுற்றுவதெல்லாம் இரண்டு நிமிடத் துணுக்குகள்தான். துணுக்கு வெட்டுகிறவர் குத்து விழுகிற இடத்திலிருந்து தொடங்குகிறார். அதற்கு முன்னால் நடந்த விசாரணை, தட்டல், அரை அடி நகர்வு எல்லாம் கத்தரியில் போய்விடுகிறது. லோமசென்கோவை இதுவரை பார்க்காதவர்கள் ரசலோடு ஆடிய பன்னிரண்டு ரவுண்டையும் வெட்டாமல் பாருங்கள். அதற்கு முந்தின நாள் சலிடோ சண்டையைப் பார்த்துவிட்டால் இன்னும் நல்லது.